கார் கூலரும் அப்பத்தாவோட இன்சுலினும்

மக்களே, லீவுக்குக் கார்ல கிளம்புறவங்க அந்த 12 வோல்ட் கூலர் பெட்டியை மட்டும் வாங்கிடாதீங்க. பட்டவன் சொல்றேன்.

போன மே மாசம் மானகிரியிலேர்ந்து ராமேஸ்வரம் போனோம். அப்பத்தாவோட பிரிக்காத இன்சுலினை அதுலதான் வச்சோம். சாப்பிட வண்டியை நிறுத்தினோம், பெட்டியும் நின்னுடுச்சு. திரும்பி வந்து தொட்டா குப்பி வெதுவெதுன்னு இருக்கு. 2 முதல் 8 டிகிரியில வைக்கணும்னு அட்டையிலயே போட்டிருக்கு! நம்பிப் போட முடியாம புதுசு வாங்கினோம்.

இந்த மலிவு விலைப் பெட்டிகள்ல கம்ப்ரஸரே கிடையாது. 1834-ல பெல்டியர் கண்டுபிடிச்ச சமாச்சாரம்தான்: மின்சாரம் பாய்ஞ்சா ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். வெளிச்சூட்டைவிட 15, 20 டிகிரி குறைக்கும், அவ்ளோதான். நம்ம ஊர் வெயில் 39-ன்னா உள்ள 19. இந்தக் கழித்தல் கணக்குக்கு பி.காம். வேணுமா என்ன? 'கூலர்'னு கொட்டை எழுத்துல போடுறவங்க இதைப் பொடி எழுத்துல போடுறாங்க, அதான் எரிச்சல்.

ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குறவங்களுக்கு இன்னொரு கணக்கு. பெட்டி 4 ஆம்பியர் இழுக்கும். சின்னக் காரோட பேட்டரி 35 ஆம்பியர்-மணி. விடியக்காலையில வண்டியைத் தள்ள ஆள் தேடணும்.

கம்ப்ரஸர் வச்சது நிஜமான ஃபிரிட்ஜ்தான், ஒத்துக்கறேன். ஆனா விலை பல மடங்கு. வருஷத்துக்கு ரெண்டு பயணத்துக்கு அவ்ளோ முதலா?

மீன்காரங்க வச்சிருக்கிற தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் போதும்ங்க. 1 கிலோ ஐஸ் உருகவே 80 கிலோகலோரி வெப்பத்தை இழுக்கும். இன்சுலினை மட்டும் துணியில சுத்தி, ஐஸ்ல படாம வைங்க, உறைஞ்சாலும் வீண்தான். சாப்பாட்டுக்குப் புளிசோறு இருக்கவே இருக்கு.

கூலர் இப்போ பரண்ல. அப்பத்தா அதுல வத்தல் போட்டு வச்சிருக்கு.