கோட்டர்ஸ்

நம் இதழுக்கு வரும் கதைகளில் 'குவார்ட்டர்ஸ்' என்றிருந்தால் 'குடியிருப்பு' என்று திருத்திக்கொண்டிருந்தோம். இனித் திருத்தப்போவதில்லை.

குடியிருப்பு என்றால் குடியிருக்கும் இடம், அவ்வளவுதான். நெய்வேலிப் பேச்சில் கோட்டர்ஸ் என்பது வேலையோடு வந்து வேலையோடு போகும் வீடு. முருங்கையும் மாவும் வைத்து முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றினாலும் ஒருநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நிற்பவர் வாயில் அதே சொல்லுக்கு வேறு சூடு. இத்தனையையும் 'குடியிருப்பு' தாங்காது.

மூலம் பிரெஞ்சுச் சொல்: கார்த்தியே. நாலில் ஒரு பங்கு என்பதிலிருந்து ஊரின் ஒரு பகுதி என்றாயிற்று. பாரிஸின் 20 வட்டாரங்களும் இன்றைக்கும் நந்நான்கு கார்த்தியேக்கள், ஆக 80. பிறகு பட்டாளம் தங்கும் இடம். ஜெர்மானியர் தங்குமிடம் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். நார்வேயில் இது கால்மணி நேரம். ஸ்வீடனில் தெருக்களுக்கு நடுவே உள்ள பிளாக், நம் நெய்வேலிக் கணக்கில் ஒரு வட்டம். (நேர்கோட்டில் வெட்டிய பிளாக்குக்கு வட்டம் என்று பெயர் வைத்தவர்கள் நாம், பிறத்தியாரைப் பார்த்துச் சிரிக்க முடியாது.) ருஷ்யருக்கோ க்வர்த்தீரா என்றால் வீடு. 1962இல் ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. வந்த நிபுணர்கள் க்வர்த்தீரா என்றிருப்பார்கள், நம்மவர்கள் கோட்டர்ஸ் என்றிருப்பார்கள். ஒரு தாய் வயிற்றுச் சொற்கள் என்று இருவருக்கும் தோன்றியிராது. நமக்கு இது பக்கத்துப் பாண்டிச்சேரியிலிருந்து வரவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது.

கடைசி 'ஸ்'ஸை எடுத்துவிட்டால் சொல் டாஸ்மாக் வாசலில் போய் நிற்கும்: கோட்டர், 180 மில்லி. கொச்சை என்று முகம் சுளிக்கிறோம். ஆனால் கார்த்தியேவுக்கும் தாயான லத்தீன் குவார்த்தாரியுஸ், ரோமானியர்களிடம் ஒரு முகத்தலளவை, சுமார் 135 மில்லி. படித்தவர்கள் மறந்த பொருளைக் குடிகாரர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நம் சுரங்கத்து லிக்னைட்டும் பிரெஞ்சுக்காரர்கள் லத்தீன் 'மர'த்திலிருந்து செய்த சொல்தான். அதை இன்னொரு இதழில் பார்ப்போம்.

ஓர் அறிவிப்பு. அடுத்த இதழிலிருந்து நம் முகவரி மாறுகிறது. ஆசிரியர் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். கோட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.