முன்னோட்டமும் ஒரு வாக்குறுதியே

கடையில் காட்டிய துணி ஒன்று, கட்டிக் கொடுத்த துணி வேறொன்று என்றால் நாம் வாளாவிருப்போமா? பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைப்படி ஏறுவோம். திரைப்படத்திற்கு மட்டும் இந்த நியாயம் செல்லுவதில்லை. இரண்டு நிமிட முன்னோட்டத்தைக் காட்டி நம்மை அரங்கிற்கு அழைக்கிறார்கள். காட்டியது படத்தில் இல்லாவிட்டால் கேட்பாரில்லை. 'பொழுதுபோக்குதானே!' என்று பெரியவர்கள் சிரிக்கலாம். ஆனால் பொய் எங்கிருந்தாலும் பொய்தான் என்றல்லவா நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது? மாணவியரில் பலர் இன்று விரும்பிப் பார்க்கும் ஜப்பானிய அனிமே படங்களைக் கொண்டே இதனைச் சிறிது ஆராய்வோம்.

1984-ஆம் ஆண்டில் ஹயாவோ மியாசாகி இயக்கிய 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா' என்னும் படம் ஜப்பானில் வெளிவந்தது. நச்சுக்காடு பரவிவிட்ட உலகில், ஒன்றையொன்று பகைக்கும் நாடுகளுக்கிடையே நின்று, மனிதர் அஞ்சும் மாபெரும் பூச்சிகளிடமும் இரக்கம் காட்டும் ஓர் இளவரசியின் கதை அது. மறு ஆண்டே அமெரிக்காவில் அதனை வெளியிட்டவர்கள் 20 நிமிடங்களுக்கு மேல் வெட்டி எறிந்தார்கள். 'காற்றின் வீரர்கள்' என்று பெயரை மாற்றினார்கள். நௌசிகா, ஸான்ட்ரா ஆனாள். அதன் சுவரொட்டியைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். படத்தில் காணவே காணாத ஆண் வீரர்கள் ஆயுதம் ஏந்தி முன்னே நிற்கிறார்கள். கதையின் உயிரான பெண்ணோ பின்னால் சிறு உருவமாக ஒதுங்கியிருக்கிறாள்.

ஒரு பெண்ணின் துணிவையும் கருணையையும் காண யார் காசு கொடுப்பார்கள் என்று எண்ணினார்கள் போலும்! பெண்கள் பள்ளியில் பயிலும் நாங்கள் இதனை எப்படி ஏற்போம்? அந்தச் சுவரொட்டியை நம்பி வீரர்களைத் தேடி வந்தவனுக்கு ஏமாற்றம். நௌசிகாவைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டிய சிறுமியோ, அது தனக்குரிய படம் என்று அறியாமலே அரங்கைக் கடந்து போயிருப்பாள். பொய் விளம்பரம் வந்தவரை மட்டுமன்று, வராதவரையும் வஞ்சிக்கிறது. அந்தப் படம் வெட்டுப்படாமல் முழுமையாக ஆங்கிலத்தில் குறுந்தகடாக வெளிவர 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த எடுத்துக்காட்டு 'இவாஞ்செலியன்' படவரிசை. 'நற்செய்தி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் பெயரில் இருந்தாலும், இது சிறுவர் சிறுமியர் ராட்சத உருவங்களைச் செலுத்திப் போரிடும் கதை. 2009-இல் வந்த இரண்டாம் படத்தின் முடிவில் அடுத்த படத்தின் காட்சிகள் என்று சிலவற்றைக் காட்டினார்கள். ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் அவற்றையே மனத்தில் அசைபோட்டார்கள். 2012-இல் மூன்றாம் படம் வந்தது. கதை 14 ஆண்டுகள் தாவிவிட்டிருந்தது. காட்டிய காட்சிகளைத் திரையில் காணோம்! கலைஞன் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். தாராளமாக மாற்றட்டும். ஆனால் வாக்கு மாறினால் அதனைச் சொல்லிவிடுவதும் கடமையன்றோ?

ரசிகர்களிடமும் குறை உண்டு என்பதை மறைக்க வேண்டாம். யாரும் சொல்லாததைத் தாமே கற்பனை செய்துகொண்டு, அது நடக்கவில்லை என்று கோபிப்பவர்கள் ஏராளம். தாகேஹிகோ இனோவே இயக்கிய 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்துப் படம் 2022 டிசம்பரில் வெளிவந்தது. கதை இன்னதென்று முன்கூட்டிச் சொல்லவில்லை. பழைய தொடரின் நாயகன் சகுராகியே நடுநாயகமாக இருப்பான் என்று எண்ணியவர்கள், மியாகி என்னும் குட்டையான ஆட்டக்காரனின் குடும்பத் துயரம் படத்தின் மையமாக இருக்கக் கண்டார்கள். படம் பெரும் வெற்றி பெற்றது. இங்கே கதையை மறைத்தது குற்றமன்று, இன்பமான வியப்பே. ஆனால் பழைய குரல் நடிகர்களுக்குப் பதிலாகப் புதியவர்கள் பேசுகிறார்கள் என்ற செய்தியை, முன்பதிவுச் சீட்டுகளை விற்கத் தொடங்கிய பின்னரே அறிவித்தார்கள். ரசிகர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானதே. படம் நன்றாக இருந்தது என்பதற்காக, காசு வாங்கும் முன் சொல்ல வேண்டியதைச் சொல்லாதது சரியாகிவிடாது.

அப்படியானால் நேர்மையாக விளம்பரம் செய்வது எப்படி? மியாசாகியின் 'சிறுவனும் நாரையும்' இதற்கு விடை தருகிறது. 2023 ஜூலை 14 அன்று ஜப்பானில் அது வெளியானபோது முன்னோட்டம் இல்லை, தொலைக்காட்சி விளம்பரம் இல்லை. ஒரு பறவையின் உருவம் வரைந்த ஒரே ஒரு சுவரொட்டி மட்டுமே! இக்கால விளம்பரங்கள் படத்தைப் பற்றி அளவுக்கு மீறிச் சொல்லிவிடுகின்றன என்பது தயாரிப்பாளர் தோஷியோ சுசுகியின் கருத்து. ஒன்றும் காட்டப்போவதில்லை என்பதை முன்னரே சொல்லிவிட்டார்கள். மக்கள் அதனை அறிந்தே வந்தார்கள். 2024 மார்ச்சில் அந்தப் படம் ஆஸ்கார் விருதும் பெற்றது.

மறைக்கிறோம் என்று சொல்லி மறைப்பது ஒன்று. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது வேறொன்று. முன்னது நம் அறிவை மதிக்கிறது. பின்னது நம் பணப்பையை மட்டும் மதிக்கிறது. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் எட்டாம் கட்டளை நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று; சுவரொட்டிக்கும் உரியது.

ஆகவே தோழியரே, முன்னோட்டத்தை ரசிப்போம். அதையே படம் என்று நம்பிவிட வேண்டாம். நம் கற்பனையைப் பிறர் தந்த வாக்குறுதியாகக் கொள்ளவும் வேண்டாம். உண்மையிலேயே ஏமாற்றப்பட்டால் தயங்காமல் சொல்வோம். நாளை நம்மில் சிலர் படம் எடுப்போம், சிலர் கடை நடத்துவோம், சிலர் தேர்தலில் நிற்போம். அன்று நாம் வெளியிடும் முன்னோட்டத்தில் இருப்பது நம் செயலிலும் இருக்கட்டும்.