சாட்டையடிபடும் இதயம்

தளர்ந்த மாட்டைச் சாட்டையாலடித்து மேட்டிலே ஓட்டுகிறவனை யாரும் புத்திசாலியென்று சொல்லமாட்டார்கள். ஆனால் இதயம் தளர்ந்தால் உடம்பே அக்காரியத்தைச் செய்கின்றது. அட்ரினலின், நாரட்ரினலின் என்னும் ஹார்மோன்கள் பெருகி, இதயத் தசையிலுள்ள ஏற்பிகளில் பற்றிக்கொண்டு அதை விரட்டுகின்றன. பிராணவாயுச் செலவு கூடி, உள்ள சக்தியும் தீர்ந்துபோகின்றது.

அவ்வேற்பிகளை மறிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து, தளர்ந்த இதயத்துக்கு ஆகவே ஆகாதென்று வைத்தியப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 1975-ல் ஸ்வீடன் தேசத்து கோதன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் கூட்டாளிகளும் ஏழு நோயாளிகளுக்கு அதையே கொடுத்துக் குணங் கண்டார்கள். வெகுபேர் நம்பவில்லை. 1999-ல் வெளியான முடிவோ, சுமார் 4000 பேரிடம் மெட்டோப்ரோலாலைப் பரீட்சித்ததில் சாவு 34 சதவிகிதம் குறைந்ததாகக் காட்டிற்று. துடிப்பு நிதானப்பட்டு, செலவு குறைந்து, மாதக்கணக்கில் இதயம் தேறுகின்றது.

எடுத்தவுடன் பெரிய அளவில் கொடுத்தால் கெடுதல்தான். சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ஆகவே வைத்தியர்கள் பயந்ததை நாம் குற்றமென்று சொல்ல வரவில்லை. அப்பயத்தையே பிரமாணமாக்கிக் கொண்டு பரீட்சையைத் தாமதித்ததைத்தான் குற்றமென்கிறோம். இடையிற் கழிந்த 24 வருஷங்களில் மாண்டவர்களுக்கு எந்தப் புத்தகம் பதில் சொல்லும் என்று கேட்கின்றோம்.