அடிக்குறிப்பாகிய கட்சி

இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி 1943 யூலை 3இல் பிறந்தது எனத் தொடங்கும் வரலாறு அரைகுறையானது. அதற்கு முந்திய ஐக்கிய சோஷலிஸ்ட் கட்சியை அடிக்குறிப்பாக ஒதுக்குவோர், அதன் பாடத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றனர்.

1939 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியின் நிர்வாகக் குழு, மூன்றாம் அகிலத்தில் நம்பிக்கையில்லை என 29க்கு 5 வாக்குகளால் தீர்மானித்தது. ஸ்டாலினா, ட்ரொட்ஸ்கியா என்பதே வினா. வெளியேற்றப்பட்ட எஸ். ஏ. விக்கிரமசிங்க, எம். ஜி. மென்டிஸ் முதலியோர் 1940இல் புதுக்கட்சி கண்டனர். ஏகாதிபத்தியப் போர் என அவர்கள் எதிர்த்த யுத்தம், 1941 யூனில் ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கியதும் மக்கள் போராயிற்று.

பாசிசத்தை எதிர்த்தமை தவறன்று. ஆனால், அம்முடிவுக்கான மணி மொஸ்கோவில் அடித்ததே எமது குற்றச்சாட்டு. எதிரணியினரும் இதற்கு விலக்கல்லர். கரைவாகு வட்டையில் போடியாரின் காணியில் வெள்ளாமை செய்த முல்லைக்காரனின் பங்கு குறித்தா இருசாராரும் பிரிந்தனர்? அவனுக்கான சட்டப் பாதுகாப்பு, பிலிப் குணவர்தனவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வரை காத்துக்கிடந்தது.

தொலைதூரச் சித்தாந்தங்களுக்காகப் பல்கலைக்கழக மண்டபங்களில் இன்றும் பிளவுறும் தோழர்களே, முதலில் வயல் வரம்பில் நின்று அவனுடன் பேசக் கற்போம். அதற்குமுன் பிரிவதற்கு எமக்கு உரிமையில்லை.