கணக்கு அதிகாரியின் மௌனம்

தியானம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இமயமலை, தாடி, காவி உடை, மான் தோல். கொஞ்சம் நவீனமாக யோசிப்பவர்களுக்கு செல்போனில் ஒரு ஆப், காதில் புல்லாங்குழல் இசை. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே நினைப்புதான். நிம்மதி என்பது இங்கே இல்லை, வேறு எங்கோ இருக்கிறது, அங்கே போய் எடுத்து வரவேண்டும் அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும்!

இந்த நினைப்பு தவறு என்று காட்ட பர்மாவில் ஒருவர் வாழ்ந்திருக்கிறார். அவர் சாமியார் இல்லை, கணக்கு அதிகாரி. (காமர்ஸ் மாணவர்கள் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம்.)

ஊ பா கின் என்பது அவர் பெயர். 1899-ல் ரங்கூனில் பிறந்தார். அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, படிப்படியாக மேலே வந்தார். மூச்சைக் கவனிக்கும் தியானத்தை அவர் முதன்முதலில் பழகியது 1937-ல். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டை நெருங்கிக் கொண்டிருந்தது. மனைவி, மக்கள், வேலை எல்லாம் இருந்தன. 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் அந்த நாட்டுக்கே அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். 1950-ல் அந்த அலுவலக ஊழியர்களுக்கென்றே ஒரு விபாசனா சங்கத்தை ஆரம்பித்தார். 1952-ல் ரங்கூனில் ஒரு தியான மையம் திறந்தார். ஓய்வு பெறும் வயது வந்த பிறகும் அரசாங்கம் அவரை விடவில்லை. பல துறைகளை ஒரே நேரத்தில் தலையில் கட்டியது. 1967 வரை உத்தியோகம், பக்கத்திலேயே தியானம். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டவர் இல்லை.

அவரிடம் 1955-ல் ஒரு நோயாளி வந்தார். மாண்டலேயில் பிறந்த இந்திய வம்சாவளித் தொழிலதிபர், எஸ்.என். கோயங்கா. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி. வலி வந்தால் மார்ஃபின் ஊசி போட வேண்டிய நிலை. வெளிநாடுகளுக்கெல்லாம் போய் வைத்தியம் பார்த்தும் பலன் இல்லை. தலைவலி தீரத்தான் வந்தேன் என்று சொன்னதும் ஊ பா கின் என்ன செய்தார் தெரியுமா? சேர்த்துக்கொள்ள மறுத்து விட்டார்! மனதைச் சுத்தம் செய்யும் வழியைத் தலைவலி மாத்திரை போலக் கேட்காதே, அதற்காக வந்தால் வா, தலைவலி போனால் அது கூடவே கிடைக்கும் லாபம் என்பது அவர் நிலை. இன்று யாராவது வாடிக்கையாளரை இப்படித் திருப்பி அனுப்புவார்களா? "பத்தே நிமிடத்தில் டென்ஷன் போகும்" என்று போர்டு வைக்காத இடமே இல்லையே!

அந்த போர்டுகள் செய்யும் கெடுதல் பணம் பிடுங்குவது மட்டும் இல்லை. நம்பிப் போய் உட்கார்ந்தவனை, "எனக்கு இது வராது" என்று எழுந்து போக வைப்பதுதான் பெரிய கெடுதல்.

கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் வருவது அமைதி இல்லை, சந்தைக்கடை. மூக்கு நுனியில் அரிப்பு. முட்டி வலி. கட்டாத மெஸ் பில். ப்ளஸ் டூ படிக்கும்போது ஒருவன் எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை, அதற்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில், இப்போது யோசித்து வைத்த இன்னும் நல்ல பதில்... இடையில் எங்கிருந்தோ பழைய சினிமாப் பாட்டு ஒன்று, அதுவும் ஒரே வரி, திரும்பத் திரும்ப. இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று கண்ணைத் திறந்தால் கடிகாரத்தில் நாலு நிமிடம்தான் போயிருக்கும். அத்தனை சத்தமும் அதற்கு முன்பும் உள்ளே இருந்ததுதான். டிவியும் பேச்சும் அதை மூடி வைத்திருந்தன, மூடியைத் திறந்ததும் காதில் விழுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

டிரையல் பேலன்ஸ் ஒத்துப் போகவில்லை என்றால் கணக்கு எழுதுபவன் லெட்ஜரைக் கோபத்தோடு மூடி வைப்பதில்லை. மூடினால் வித்தியாசம் மறைந்து விடாது. சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுச் சில நாள் ஓட்டலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு பதிவாகப் பார்க்க வேண்டும், எந்தப் பதிவின் மேலும் கோபப்படாமல். மௌனமாக உட்காருவதும் ஏறக்குறைய இந்த வேலைதான்.

கோயங்கா பதினாலு வருடம் ஊ பா கின்னிடம் பழகி, 1969-ல் இந்தியா வந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். 2013-ல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பத்து நாள் முகாம்கள் நடக்கின்றன. மகாராஷ்டிராவில் இகத்புரி பெரிய மையம், சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்திலும் ஒன்று உண்டு. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானம். செல்போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது. பத்தாம் நாள் வரை பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூடாது, ஜாடையும் கூடாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம். முதல் மூன்று நாளும் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பது மட்டுமே வேலை. மந்திரம் இல்லை, இசை இல்லை. 1994-ல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இதே முகாமில் உட்கார்ந்தார்கள், சிறைச் சுவருக்குள்ளேயே.

சாப்பாடு, தங்குவது எதற்கும் கட்டணம் இல்லை. முகாமை முடித்தவர் விரும்பினால் நன்கொடை தரலாம், முடிக்காதவரிடம் வாங்குவதில்லை. அதாவது இன்று ஒருவன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு, முன்பு எப்போதோ அங்கே உட்கார்ந்து எழுந்தவர் பணம் கொடுத்திருக்கிறார். எந்த காஸ்டிங் புத்தகத்திலும் இந்தக் கணக்கு வராது!

குறை இல்லாமல் இல்லை. பத்து நாள் வாய் மூடி, நாளெல்லாம் உட்காருவது எல்லோருக்கும் ஏற்றது அல்ல. தீவிர மனநோய் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று அந்த மையங்களே சொல்கின்றன. டாக்டரிடம் போக வேண்டியவரைத் தியானத்துக்கு அனுப்புவது சரி இல்லை. லீவு கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் பத்து நாள் எங்கே போவார்? அவருக்கு மௌனம் கிடையாதா என்ற கேள்வி நியாயமானது.

அதற்குப் பதில் ஊ பா கின் கதையிலேயே இருக்கிறது. அவர் முதன்முதலில் சொல்லிக் கொடுத்தது மடத்தில் இல்லை, மலையில் இல்லை. 1941-ல் ரயில்வே கணக்கு அதிகாரியாக ஊர் ஊராகப் போய்க் கொண்டிருந்தார். வழியில் ஒரு ஊரில் வேபு சயாதோ என்ற துறவியைப் பார்த்தார். நீ மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடு என்றார் துறவி. ஊ பா கின் நல்ல நாள் பார்க்கவில்லை, ஆசிரமம் கட்டவும் கிளம்பவில்லை. அவருக்கு அலுவலகமாக இருந்த ரயில் பெட்டியிலேயே அந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டரை உட்கார வைத்து, மூச்சைக் கவனிக்கச் சொன்னார்.