காலு ஒட்டிக்கிடுது

அடுப்படி நிலைப்படிக்கு வந்ததும் அத்தை நின்றுவிடுவாள். "காலு தரையோட ஒட்டிக்கிடுதுய்யா" என்பாள். நான் கையைப் பிடித்து இழுப்பேன். ஒருநாள் அப்படியே முன்னால் சரிந்துவிட்டாள். இழுத்தது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

பார்க்கின்சன் என்று பேர் தெரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கை நடுக்கம் மாத்திரைக்குக் கேட்டது, கால் கேட்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்த இயன்முறை மருத்துவர் அத்தையைப் பார்க்கும் முன்னே வீட்டைப் பார்த்தார். டவுன் பக்கத்துப் பழைய வீடு. குறுகலான நடை, இரண்டு நிலைப்படி. படிக்கு முன்னால் ஓர் எட்டுக்கு ஒன்றாக வெள்ளை டேப்பைக் குறுக்கே ஒட்டினார். "கோட்டைத் தாண்டுங்கம்மா." அத்தை தாண்டினாள். நான் அழுதுவிட்டேன்.

மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதால் வருகிற நோய் பார்க்கின்சன். நாம் யோசிக்காமலே நடக்கிறோமே, அந்த வாய்க்கால் தூர்ந்துவிடுகிறது. கண்ணால் பார்த்து, மனசு வைத்து எடுக்கிற அடிக்கு வேறொரு மடை திறந்திருக்கிறது. தாளத்துக்கும் கால் அசையும். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாலே சிலருக்குப் போதும். நான்கு எட்டு நடக்க முடியாத நெதர்லாந்துக்காரர் ஒருவர் சைக்கிளை அநாயாசமாக ஓட்டியதை 2010இல் அந்நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள்.

காலை விடவும் எனக்கு வலித்தது அவள் குரல். கல்யாண வீட்டுப் பந்தியையே அதட்டி நடத்தியவள், வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினாள். கேட்காததால் யாரும் பதில் சொல்வதில்லை. பதில் வராததால் அவளும் பேசுவதை விட்டாள். இதற்கென்றே ஒரு குரல் பயிற்சி 1987இல் அமெரிக்காவில் உருவானது. லீ சில்வர்மேன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயரைத் தாங்கியது. அவர் பேசுவது காதில் விழாதா என்று அவர் வீட்டார் ஏங்கியிருக்கிறார்கள். வாரம் நாலு நாள், நாலு வாரம், தினம் ஒரு மணி நேரம். "ஆ" என்று மூச்சுள்ளவரை உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு, தினமும் பேசுகிற பத்து வாக்கியங்கள். அத்தை பொறுக்கியதில் முதலாவது, "சொதிய இறக்கியாச்சா?"

"கத்துற மாதிரில்லா இருக்கு" என்று கூசினாள். எங்கள் காதுக்கு அது சாதாரணக் குரல்தான். தன் குரல் தணிந்துபோனது அவளுக்கே தெரிவதில்லை. அதைத் தெரிய வைப்பதுதான் பயிற்சியில் பாதி.

அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ இருக்கிற ஒருவர், பஸ் படியிலேயே கால் ஒட்டிக்கொள்கிறவர், இந்தப் பயிற்சிக்காகப் பாளைக்குப் பதினாறு தடவை எப்படி வருவார்? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடைப் பயிற்சிக்காவது இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். 'வயசாயிட்டு' என்று ஒதுக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். வருகிறவரைத் திண்ணையோடு அனுப்பிவிடாமல், உள்ளே கூட்டிப்போய் அந்த நிலைப்படியைக் காட்டுங்கள்.