கட்டிய கடனுக்கு வட்டி

கடன் தீர்ந்தால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது உலக வழக்கம். ஈவிரக்கமற்ற லேவாதேவிக்காரர் கூடப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுபடியும் வட்டி கேட்க மாட்டார். ஆனால் கோர்ட்டுக்குக் கட்டிய கடன் அப்படியல்ல. அபராதம் செலுத்தியாயிற்று, சிறைவாசமும் அனுபவித்தாயிற்று. பத்திரம் மட்டும் திரும்பி வருவதே இல்லை!

ஒரு வாலிபன் பத்தொன்பதாம் வயதில் தெருச் சண்டை ஒன்றில் சிக்கி அபராதம் கட்டினான் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருஷம் கழித்து உத்தியோகத்துக்குப் போகிறான். அங்கே ஒரு படிவம். எப்போதாவது கைதானதுண்டா, வழக்கு உண்டா, அபராதம் உண்டா என்று கேட்கிறது. உண்டு என்று எழுதினால் வேலை சந்தேகம். இல்லை என்று எழுதினாலோ, உண்மையை மறைத்தான் என்ற புதுக் குற்றம் சேர்ந்துகொள்ளும். இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளை அதிகாரிகள் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. விடலாம் என்றதே தவிர, விட வேண்டும் என்று சொல்லவில்லை.

வயது வந்தவரின் பழைய தண்டனையை ஏட்டிலிருந்து துடைப்பதற்கு நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதிக்குறைவு இல்லை என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. ஆனால் தகுதிக்குறைவுதான் நீங்குமே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பு நீங்காது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் விளக்கிவிட்டது.

சிறுவர்கள் விஷயத்தில் சட்டம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், அவர்களுடைய தண்டனைப் பதிவுகளை அழித்துவிடும்படி உத்தரவிடச் சொல்கிறது. பதினாறு வயதைக் கடந்து கொடுங்குற்றம் செய்து, வயது வந்தவர்களைப் போலவே விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. மத்திய சர்க்கார் 2016-இல் வகுத்த மாதிரி விதிகள், அதிகமாகப் போனால் ஏழு ஆண்டு, அதற்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கின்றன. அப்படியிருந்தும், சிறுவனாக இருந்தபோது வந்த வழக்கைக் காரணம் காட்டி ஒருவருக்கு மத்திய பாதுகாப்புப் படையில் வேலை மறுத்தார்கள். அது தவறு என்று சொல்ல 2019-இல் உச்ச நீதிமன்றமே வரவேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போக எத்தனை ஏழைப் பையன்களால் முடியும்?

தண்டனை பெற்றவர் கதை இது. விடுதலையானவர் பாடாவது தேவலையா என்றால், அதுவும் இல்லை. தமிழ்நாட்டுப் போலீஸ் வேலைக்கான விதியைப் பாருங்கள். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பல்டி அடித்ததால் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ளவேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்கள். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விதி செல்லும் என்றது. நிரூபிக்க முடியாமல் போனது சர்க்கார். பலனை அனுபவிப்பவர் விடுதலையானவர்!

கொலைகாரனையும் கொள்ளைக்காரனையும் மறந்துவிடும்படி யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேருகிறவரின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் இது தெரியாததல்ல. அங்கே குறித்த காலம் ஒழுங்காக இருந்துவிட்டால் சிறு தண்டனை செலவழிந்துபோனதாகக் கொள்ளப்படுகிறது, கேட்டாலும் சொல்லவேண்டியதில்லை. குழந்தைகளிடையே பார்க்கும் வேலை போன்றவற்றுக்கு மட்டும் தனி விதி.

ஆனால் மனுப் போட்டால்தான் மறதி என்று வைத்தால் அது வக்கீல் வைக்க வசதியுள்ளவர்களுக்கே கிடைக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 2018-இல் இதற்கு வழி கண்டது. 2019 முதல் அங்கே தகுதியுள்ள பழைய சிறு வழக்குகளைக் கம்ப்யூட்டரே தேடியெடுத்துப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மூடிவிடுகிறது. போலீஸாரும் நீதிமன்றமும் வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம். நம் போலீஸ் நிலையங்களிலும் இப்போது கம்ப்யூட்டர்தான். வழக்கை ஏற்றத் தெரிந்த யந்திரத்துக்கு இறக்கவும் கற்றுக்கொடுத்தால் என்ன?

சட்டம் வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் அந்தப் படிவத்தைத் திருத்தலாம். சிறு குற்றங்களைப் பொறுத்தவரை "எப்போதாவது" என்பதை எடுத்துவிட்டு, "சென்ற ஏழு ஆண்டுகளில்" என்று போடலாம். சிறுவயது வழக்குகளைக் குறிப்பிட வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கலாம். இலாகா ஓர் உத்தரவு போட்டால் அடுத்த தேர்வுக்கே புதுப் படிவம் அச்சாகி வந்துவிடும்.